'கரண்ட்' வைத்தால் வாந்தி வருமா? சனி, ஞாயிறு சொல்லும் பதில்!

அதிகாலை ஐந்தரை மணி. சாத்தூர் பேருந்து நிலையத்தில் டீக்கடைகள் அப்போதுதான் விழித்திருக்கின்றன. தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் ஆள் ஏற்றும் வண்டிகள் வரத் தொடங்கும் நேரம். மதுரை பஸ்ஸுக்காக ஓர் அம்மாவும் மகளும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, இப்போது கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது.

"ஒரு இட்லியாவது சாப்பிட்டுட்டு ஏறும்மா."

"வேணாம்த்தா. வயித்துல எதுவும் இருந்தாத்தான் கரண்ட் வைக்கும்போது குமட்டிக்கிட்டு வரும்."

"இன்னைக்கு ஒன்பதாவது நாள். இன்னும் பதினாறு நாள் இருக்கேம்மா. எப்படித் தாங்குவ?"

"முடியலைனா நடுவுல ரெண்டு நாள் போகாம இருந்துக்கிடுவோம். இருக்கன்குடி ஆத்தா பாத்துக்கிடுவா."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கரண்ட் வச்சா வாந்தி வரத்தானே செய்யும்? இதைப் போயி என்னன்னு சொல்ல?"

சாத்தூரில் மட்டுமல்ல, விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி என்று சிகிச்சைக்காக வெளியூர் பஸ் ஏறும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அந்த அம்மாவின் பேச்சில் மூன்று தவறுகள் இருக்கின்றன. வெறும் வயிற்றில் கிளம்பியது ஒன்று. இரண்டு நாள் விட்டுவிடலாம் என்று நினைத்தது இரண்டு. 'வாந்தி வரத்தானே செய்யும்' என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டது மூன்று. இந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிய தவறு. ஏனென்றால், மார்பகத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுக்கும்போது வாந்தி வருவது வழக்கமான பக்கவிளைவே அல்ல. வந்தால் அதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வாந்தியை நிறுத்துவதும் சுலபம்.

இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இது கரண்ட் இல்லை!

கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பெயர். அந்தப் பெயரே பாதி பயத்தைக் கிளப்பிவிடுகிறது. உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்களே, அதே வகைக் கதிர்தான். அதைவிடப் பல மடங்கு சக்தியோடு, குறிபார்த்து, 'லீனியர் ஆக்சிலரேட்டர்' என்ற இயந்திரத்தில் இருந்து வரும்.

மேஜையில் படுக்கச் சொல்வார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்வார்கள். மார்பில் ஏற்கெனவே போட்ட குறிகளை வைத்து டெக்னீஷியன் இடத்தைச் சரிபார்ப்பார். கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள்தான். வலிக்காது, சுடாது, ஷாக் அடிக்காது. முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இந்த முறையில் கதிர் உடம்புக்குள் தங்குவதும் இல்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொஞ்சலாம்.

மார்பகக் கதிர்வீச்சில் வழக்கமாக வரும் தொந்தரவுகள் இரண்டு. ஒன்று, கதிர் படும் இடத்தில் தோல் சிவப்பது, கறுப்பது, அரிப்பது, சில நேரம் உரிவது. மற்றொன்று, அசதி. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் 'என்னமோ அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு' என்று சொல்லும் அளவுக்கு அசதி வரலாம். அசதியோடு பசியும் கொஞ்சம் மந்தமாகலாம். ஆனால், பசி மந்தம் வேறு, வாந்தி வேறு.

வாந்தி எப்படி உண்டாகிறது?

நம் குடலின் உட்சுவரில் சில சிறப்பு செல்கள் இருக்கின்றன. கதிர் பட்டால் அவை 'செரடோனின்' என்ற ரசாயனத்தைக் கொட்டிவிடும். வயிற்றையும் மூளையையும் இணைக்கும் 'வேகஸ்' நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டு போகும். 'உள்ளே ஏதோ விஷம் வந்துவிட்டது, வெளியே தள்ளு' என்று மூளை உத்தரவு போடும். குமட்டலும் வாந்தியும் இப்படித்தான் வருகின்றன.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, 'கதிர் வைக்கிறார்களா' என்பதல்ல, 'எங்கே வைக்கிறார்கள்' என்பதே. மேல் வயிற்றில் கதிர் விழுந்தால் குடல் பாதிக்கப்படும், வாந்திக்கு வாய்ப்பு அதிகம். உடம்பு முழுவதும் கொடுத்தால் மிக மிக அதிகம். மார்பகத்துக்குக் கொடுக்கும்போது கதிர் நேராக நெஞ்சுக்குள் இறங்காமல், இரண்டு பக்கங்களில் இருந்தும் சாய்வாக மார்பை உரசிக்கொண்டு போகும்படி அமைக்கிறார்கள். குடல் அந்த வழியிலேயே இல்லை.

வாந்தி அபாயத்தை வைத்துக் கதிர்வீச்சு சிகிச்சைகளை மருத்துவ உலகம் நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது: மிக அதிகம், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. சர்வதேச வழிகாட்டு நெறிகளில் மார்பகம் இருப்பது கடைசிப் படியில், கை கால்களுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சோடு சேர்த்து. அதனால்தான் மார்பகக் கதிர்வீச்சுக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே வாந்தி மாத்திரை கொடுப்பதில்லை. வந்தால் கொடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நடைமுறை. வந்ததைச் சொன்னால்தானே கொடுப்பார்கள்?

அப்போ அந்தக் காலத்துக் கதையெல்லாம் பொய்யா?

பொய்யில்லை. 'எங்க சித்தி கரண்ட் வச்சு, வாந்தி எடுத்தே பாதியாப் போயிட்டா' என்று ஒவ்வொரு தெருவிலும் யாராவது சொல்வார்கள். அந்தச் சித்திக்கு எங்கே கட்டி இருந்தது, எந்தக் காலத்தில் சிகிச்சை நடந்தது என்று கேட்டுப்பாருங்கள்.

தமிழ்நாட்டில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் இருந்து பிறந்ததுதான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. 1950-களிலேயே அங்கே கோபால்ட் கதிர் இயந்திரம் வந்துவிட்டது. டாக்டர் சாந்தா போன்றவர்கள் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த இடம் அது.

ஆனால், அந்தக் காலத்தில் இன்றைக்கு இருப்பதுபோல ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் கதிரின் பாதையைத் துல்லியமாக வரையும் வசதி கிடையாது. இன்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் 'ஒண்டான்செட்ரான்' என்ற வாந்தி மாத்திரையும் கிடையாது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததே 1991-ல்தான். போதாக்குறைக்கு, கர்ப்பப்பைக்கு வைத்தது, வயிற்றுக்கு வைத்தது, மார்புக்கு வைத்தது எல்லாமே ஊர்ப் பேச்சில் ஒரே 'கரண்ட்' ஆகிவிட்டது. வயிற்றுக்கு வைத்தவர் பட்ட பாடு, மார்புக்கு வைப்பவருக்கும் பயமாக வந்து சேர்கிறது.

சனி, ஞாயிறு கணக்கு

சரி, அந்தச் சாத்தூர் அம்மாவுக்கு உண்மையிலேயே குமட்டுகிறதே, ஏன்? இதற்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும்.

கதிர்வீச்சு பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி, ஞாயிறு இயந்திரத்துக்கு விடுமுறை. ஆக, மகள் ஒரு வாரத்துக்கு மூன்று விஷயங்களைக் குறித்து வைக்க வேண்டும். எந்த நேரத்தில் குமட்டியது? அதற்கு முன் என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார்? சனி, ஞாயிறு எப்படி இருந்தது?

* ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே, பஸ்ஸிலேயே குமட்டினால்: பயணமும் வெறும் வயிறும் முதல் சந்தேகத்துக்குரியவை. அன்றைய கதிரே இன்னும் படவில்லையே!

* ஆஸ்பத்திரி வாசலில், அந்த டெட்டால் நெடி பட்டதும் குமட்டினால்: இது கீமோ விட்டுச் சென்ற நினைவு. கீமோ நேரத்தில் பட்ட அவஸ்தையை மூளை அந்த வாசனையோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. கீமோ முடிந்த பிறகும் வாசனை வந்தால் குமட்டல் வரும். இது நடிப்போ, மன பலவீனமோ அல்ல. மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

* சனி, ஞாயிறிலும் அதே மாதிரி குமட்டினால்: மாத்திரைகளைப் பார்க்க வேண்டும். டாமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள், டிரமடால் வகை வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் என்று பலவும் சிலருக்குக் குமட்டலைத் தரும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் போடுவது, இரவுக்கு மாற்றுவது என்று டாக்டர் வழி சொல்வார்.

* மூன்று, நான்கு நாளாக மலம் கழியவில்லை என்றால்: மலச்சிக்கலும் குமட்டலைக் கொண்டுவரும். வேடிக்கை என்னவென்றால், வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரானே மலச்சிக்கலை உண்டாக்கும். குமட்டலுக்கு மாத்திரை, மாத்திரையால் மலச்சிக்கல், அதனால் மறுபடி குமட்டல் என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

* இன்னும் மாதவிடாய் நிற்காத வயது என்றால்: கர்ப்பமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் அல்ல இது. கதிர்வீச்சின்போது கர்ப்பம் தரிப்பது சிசுவுக்கு ஆபத்து. சந்தேகம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த நோட்டை வைத்து நீங்களே வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கக் கிடைக்கும் சில நிமிடங்களில், 'வாந்தியா வருது டாக்டர்' என்று பொதுவாகச் சொல்வதற்கும், 'காலையில பஸ்ல மட்டும் வருது, சனி ஞாயிறு வர்றதில்ல' என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

கதிரே காரணமாக இருப்பது எப்போது?

மார்பகப் புற்றுநோய்க்காரர்கள் எல்லோருக்கும் மார்பில் மட்டுமே கதிர் கொடுப்பதில்லை. அதனால் சில விதிவிலக்குகள் உண்டு.

கழுத்தெலும்புக்கு மேலே உள்ள நெறிகளுக்கும் நெஞ்செலும்பை ஒட்டிய நெறிகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது உணவுக்குழாயில் கொஞ்சம் கதிர் படலாம். அப்போது விழுங்கும்போது வலி, நெஞ்செரிச்சல், 'சோறு நெஞ்சுலயே நிக்குது' என்ற உணர்வு வரும். அதைச் சிலர் குமட்டல் என்று சொல்லிவிடுவார்கள். இடது மார்பின் அடியில் இரைப்பையின் மேல் பகுதியும், வலது மார்பின் அடியில் கல்லீரலின் மேல் பகுதியும் இருக்கின்றன. உடல்வாகைப் பொறுத்து அங்கே லேசாகக் கதிர் படுவதும் உண்டு.

நோய் முதுகெலும்புக்குப் பரவி, வலி குறைவதற்காக அங்கே கதிர் கொடுத்தால் கதை வேறு. முதுகின் நடுவிலும் கீழேயும் கொடுக்கும் கதிர், வயிற்றையும் கடந்துதான் போகும். கதிர் வைத்த ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தி வரலாம். இப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். 'எனக்கு எந்த இடத்துக்கு வைக்கிறீங்க? வயித்துல படுமா?' என்று முதல் நாளே கேட்பது நோயாளியின் உரிமை.

மாத்திரை உண்டு, ஆனால்...

குமட்டலைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டிய அவசியமே இன்று இல்லை. குடல் கொட்டும் செரடோனின், நரம்பில் போய் ஒட்டாமல் தடுப்பதுதான் ஒண்டான்செட்ரான் செய்யும் வேலை. கதிருக்குச் சற்று முன் போடும்படி டாக்டர் எழுதிக் கொடுப்பார். வந்த பிறகு போடுவதைவிட வருவதற்கு முன் போடுவது அதிகம் பலன் தரும். டாம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு போன்றவை வேறு வழியில் வேலை செய்பவை. சில நாள்களுக்கு மட்டும் டெக்ஸாமெத்தசோன் கொடுப்பதும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலேயே குமட்டும் பழைய நினைவுக் குமட்டலுக்கு மூச்சுப் பயிற்சியும், தேவைப்பட்டால் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையும் உதவும்.

எந்தக் காரணத்துக்கு எந்த மாத்திரை என்பது டாக்டருக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு மதினி மருந்துக் கடையில் வாங்கிய வாந்தி மாத்திரையை இரவல் வாங்கிப் போடாதீர்கள். இதயத் துடிப்பில் கோளாறு இருப்பவர்களுக்கு இவற்றில் சில ஒத்துக்கொள்ளாது. சர்க்கரை நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும்.

இஞ்சி உதவுமா? கீமோ எடுத்த 576 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. வாந்தி மருந்தோடு சேர்த்து இஞ்சி கேப்சூல் எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்ததாக அது சொன்னது. கவனியுங்கள், மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. இஞ்சித் தட்டிப்போட்ட டீயோ மோரோ குடிப்பதில் தவறில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடிக்கவும். லேகியம், சூரணம் எதுவாக இருந்தாலும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

வயிறு காலியாக இருந்தால் வாந்தி வராதா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யூகிப்பது கஷ்டமில்லை. ஆபரேஷனுக்கு 'சாப்பிடாம வாங்க' என்றார்கள். ரத்தப் பரிசோதனைக்கும், சில ஸ்கேனுக்கும் 'சாப்பிடாம வாங்க' என்றார்கள். அப்போ கரண்டுக்கும் அப்படித்தானே?

இல்லை. மார்பகக் கதிர்வீச்சுக்குப் பொதுவாக வெறும் வயிறு தேவையில்லை (உங்கள் ஆஸ்பத்திரியில் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்). ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், மறுநாள் பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, கதிர் முடிந்து வெளியே வர மதியம் ஆகிவிடும். அத்தனை மணி நேரமும் இரைப்பையில் அமிலம் சும்மா சுரந்துகொண்டிருந்தால் குமட்டாமல் என்ன செய்யும்? சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினால், சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்து, மயக்கம்கூட வரலாம்.

என்ன சாப்பிடலாம்?

* கிளம்பும் முன் இரண்டு இட்லி, அல்லது ஒரு டம்ளர் கஞ்சி. முடியாவிட்டால் நான்கு பிஸ்கட், ஒரு கை பொரி.

* பையில் ஒரு டப்பாவில் தயிர் சாதம், ஒரு பாட்டில் தண்ணீர். மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதைவிட ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது நல்லது.

* வெயில் நாளில் சாத்தூர் வெள்ளரிக்காயை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால், வெட்டி வைத்து மிளகாய்ப் பொடி தூவியதை வாங்காமல், முழுசாக வாங்கி, வீட்டில் கழுவி நறுக்கிக் கொண்டு போங்கள்.

* சாத்தூர்க்காரர்களிடம் காராச்சேவு வேண்டாம் என்று சொல்வது பாவம்தான். இருந்தாலும் எண்ணெயும் காரமும் குமட்டும் வயிற்றுக்கு ஆகாது. சிகிச்சை முடிந்ததும் அரை கிலோ வாங்கிக் கொண்டாடிக்கொள்ளலாம்!

* தாளிக்கும் வாசனையே குமட்டுகிறது என்றால், சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. அடுப்படி வேலையைக் கொஞ்ச நாள் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.

அப்புறம், பத்தியம். 'முட்டை சூடு, மீன் கரப்பான், பருப்பு வாயு' என்று உறவினர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தினால் கடைசியில் மிஞ்சுவது ரசம் சாதம்தான். கதிர் பட்ட தோலும் தசையும் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிடலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்று: கீமோ முடிந்த புதிதில் மூக்கு ரொம்பவே கூர்மையாக இருக்கும். வெடிமருந்து, பசை நெடி தாங்காவிட்டால் சிகிச்சை முடியும் வரை ஓய்வு கேளுங்கள்.

பஸ்ஸும் ஒரு காரணம்

சாத்தூரில் இருந்து மதுரைக்குச் சுமார் 75 கிலோமீட்டர். மதுரை பாலரெங்காபுரத்தில் அரசின் புற்றுநோய் சிகிச்சை மையம் இருக்கிறது. தெற்கே போனால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதுவும் ஏறக்குறைய அதே தூரம்தான். போக வர தினம் 150 கிலோமீட்டர் என்று வையுங்கள். 25 நாளைக்கு 3,750 கிலோமீட்டர்! நல்ல உடம்புக்காரர்களுக்கே தலைசுற்றும்.

பஸ்ஸில் முன் பக்கம், ஜன்னலோரம், தூரத்தில் பார்வையை வைத்து உட்கார்ந்தால் குமட்டல் குறையும். செல்போன் பார்த்துக்கொண்டே போகக் கூடாது. முடிந்தால் ரயிலில் போகலாம். குலுக்கல் குறைவு, கழிப்பறை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்கலாம்: 'எனக்கு மூணு வாரத்துல முடிக்கிற மாதிரி குடுக்க முடியுமா டாக்டர்?'

முன்பெல்லாம் 5 வாரம், 25 முறை என்பதுதான் வழக்கம். பிரிட்டனில் 2,215 பெண்களை வைத்து நடந்த 'ஸ்டார்ட் பி' ஆய்வில், 3 வாரத்தில் 15 முறை கொடுத்தாலும் நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைவில்லை என்று தெரிந்தது. 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவுகள் 2013-ல் வெளியாகின. அதற்கு அடுத்ததாக, ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்துப் பார்த்த 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு' ஆய்வின் 5 ஆண்டு முடிவுகளும் 2020-ல் நம்பிக்கை தந்தன. எல்லோருக்கும் இது பொருந்தாது. நோயின் நிலை, நெறிகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்பதைப் பார்த்து டாக்டர்தான் முடிவெடுப்பார். ஆனால், 15 முறை போதும் என்றால், பயணம் 3,750 கிலோமீட்டரில் இருந்து 2,250 ஆகக் குறையும். பத்து நாள் கூலி மிச்சம். பத்து நாள் பஸ் குமட்டலும் மிச்சம். தினமும் போய் வரவே முடியாதவர்கள், உள்நோயாளியாகத் தங்க இடமுண்டா என்றும் கேட்டுப்பார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் அடங்கும்.

'ரெண்டு நாள் போகாம இருந்துக்கிடுவோம்'

இப்போது அந்த அம்மா சொன்னதுக்கு வருவோம். இரண்டு நாள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?

கதிர்வீச்சு ஒரே அடியில் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் புற்றுநோய் செல்களை அடிக்கிறது. நல்ல செல்கள் அந்த இடைவெளியில் தங்களைச் சரிசெய்துகொள்ளும். சனி, ஞாயிறு விடுமுறை எல்லாம் கணக்கில் வைத்துத்தான் திட்டமே போடுகிறார்கள். நீங்களாக எடுக்கும் விடுமுறை அந்தக் கணக்கில் இல்லை. அந்த நாள்களில் மிச்சமிருக்கும் கெட்ட செல்களும் தலைதூக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

முழுசாக முடித்தால் என்ன லாபம் என்பதற்கு ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. மார்பகத்தை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிய 10,801 பெண்களின் விவரங்களை, 17 ஆய்வுகளில் இருந்து திரட்டி 2011-ல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 10 ஆண்டுகளுக்குள் 100-க்கு 35 பேருக்கு நோய் திரும்பியது. எடுத்தவர்களில் அது 19 ஆகக் குறைந்தது. அந்த 16 பேரில் ஒருவராக நம் வீட்டு அம்மாவும் இருக்கலாம். ஒரு வாந்தி மாத்திரையால் சரிசெய்யக்கூடிய குமட்டலுக்காக அதை விடலாமா?

ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால் பயந்துகொண்டு ஒதுங்க வேண்டாம். உடனே போங்கள். 'திட்டுவாங்களோ' என்ற தயக்கம் வேண்டாம். விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

இவை வந்தால் காத்திருக்க வேண்டாம்

* குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் முழுவதும் வாந்தி (சர்க்கரை நோயாளிகள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது)

* சிறுநீர் ரொம்பக் குறைந்து, அடர் மஞ்சளாகப் போவது, எழுந்தால் தலைசுற்றுவது

* வாந்தியில் ரத்தம், அல்லது காபித்தூள் போன்ற நிறம்

* வாந்தியோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், குழப்பம்

* வாந்தியோடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை

* 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கடும் வயிற்று வலி, கண் மஞ்சளாவது

* எலும்புக்கு நோய் பரவியவர்களுக்கு வாந்தியோடு அடங்காத தாகம், அதிக மயக்கம்

இதற்காக மதுரை வரை போகும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சாத்தூர் அரசு மருத்துவமனைக்கோ விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போய், கதிர்வீச்சு நடக்கும் விவரச் சீட்டைக் காட்டுங்கள். அவசரம் என்றால் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. வாந்தி லேசாக இருக்கும்போதே ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, மடக் மடக்கென்று குடிக்காமல், வாய் வாயாகக் குடிக்கலாம்.

மறுநாள் காலை

மறுபடி அந்தப் பேருந்து நிலையத்துக்கு வருவோம். மகள் நோட்டைத் திறந்து வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"திங்கள்கிழமை, விருதுநகர் தாண்டுறதுக்குள்ள குமட்டல். செவ்வாய்க்கிழமை, அதே இடம். புதன்கிழமை, ஆஸ்பத்திரி வாசல்ல. சனி, ஞாயிறு ஒண்ணுமே இல்ல. சனிக்கிழமை காலையில நாலு இட்லி சாப்பிட்டிருக்கம்மா!"

"அன்னைக்குப் பசிச்சுச்சுல்ல."

"அப்போ கரண்ட் மேல தப்பு இல்ல. வெறும் வயித்துல பஸ் ஏறுறதுதான் தப்பு. இன்னைக்கு டாக்டர்கிட்ட இந்த நோட்டைக் காட்டப் போறேன். நீ இப்போ இந்த ரெண்டு இட்லியைச் சாப்பிடு."

"காட்டினா சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும்மா. சிரிச்சுட்டு மாத்திரை எழுதித் தருவாங்க."

மதுரை பஸ் வருகிறது. உங்கள் வீட்டிலும், தெருவிலும், வேலை பார்க்கும் இடத்திலும் இப்படி ஒரு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் இருந்தால், 'பாவம்' என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். காலையில் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். முக்கியமாக, 'வாந்தி வருதுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?' என்று கேளுங்கள்.